மனிதக் குழவியும் மரபியலும்: ‘ஜங்கிள் புக்’ படங்கள் வழி ஒரு சிந்தனை

முன்னுரை

கதை கேளாமல் வளர்ந்த குழந்தை உலகில் இல்லை. பாட்டியின் வாய்மொழியாக இருந்த கதை ஏட்டில் ஏறிற்று. ஏட்டிலிருந்து படக்கதை ஆயிற்று. படக்கதை அசையும் சித்திரமாகித் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் புகுந்தது. இன்று அச்சித்திரங்களே ஊனும் உயிரும் பெற்றவை போல வெள்ளித்திரையில் உலவக் காண்கிறோம். நாம் சிறுவயதில் கண்டு மகிழ்ந்த கார்ட்டூன் ஒன்று நடிகர் நடிக்கும் படமாக மாறும்போது அதன் பொருள் வளர்கிறதா, தேய்கிறதா என்னும் வினா எழுகின்றது. ‘ஜங்கிள் புக்’ என்னும் காட்டுக் கதையைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதும், நம் இலக்கண மரபு அதற்குத் தரும் வெளிச்சத்தைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கதையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1993-ஆம் ஆண்டு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷன் இக்கார்ட்டூன் தொடரை ஒளிபரப்பியது. நம் சொந்த ஊராகிய வ. புதுப்பட்டியில் அந்நாளில் தொலைக்காட்சி உள்ள வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓதப் பள்ளி விட்டதும் அவ்வீடுகளுள் ஒன்றன் திண்ணைக்கு ஓடுவோம். தொடர் பேசியது இந்தி. நமக்கோ இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆயினும் ஓநாய்க் கூட்டத்தில் வளரும் மோக்லி என்னும் சிறுவனின் துயரும் மகிழ்வும் நமக்கு விளங்காமல் போகவில்லை. படம் முடிந்து வெளியே வந்தால், ஊருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாய் நிற்கும். மோக்லியின் காடு அதுதான் என்றே நாம் அன்று நம்பினோம்.

மூலமும் அதன் பயணமும்

இக்கதையை எழுதியவர் 1865-இல் பம்பாயில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வாழ்ந்த காலத்தில் அவர் இதனை எழுதினார். முதல் நூல் 1894-இலும் இரண்டாம் நூல் 1895-இலும் வெளிவந்தன. கதைக்களம் இன்றைய மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த சியோனி மலைப்பகுதியாகும். கரடிக்குப் பாலு, யானைக்கு ஹாத்தி, புலிக்கு ஷேர்கான் என அவர் இட்ட பெயர்கள் வடநாட்டு வழக்குச் சொற்களிலிருந்து பிறந்தவை.

வால்ட் டிஸ்னி நிறுவனம் 1967-இல் இதனைச் சித்திரப்படமாக்கியது. 1966 டிசம்பரில் மறைந்த டிஸ்னி தம் இறுதிக் காலத்தில் நேரில் மேற்பார்வையிட்ட படம் இது என்பது குறிப்பிடத்தக்கது. நாம் திண்ணையில் அமர்ந்து கண்டது இப்படமன்று. ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் உருவாக்கி 1989-ஆம் ஆண்டு முதல் ஒளிபரப்பான 52 பகுதிகள் கொண்ட தொடராகும். இந்தியக் காட்டை ஓர் ஆங்கிலேயர் எழுத, ஜப்பானியர் வரைய, இந்திப் பேச்சோடு அது தமிழ்நாட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. கதைக்குக் கடவுச்சீட்டு வேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நடிகர் நடித்த படமாக இக்கதை வந்தது 2016-இல்தான் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அது பிழை. 1942-இலேயே ஸோல்டான் கோர்டாவின் இயக்கத்தில் அது படமாயிற்று. அதில் மோக்லியாக நடித்தவர் சாபு. மைசூர் நாட்டில் 1924-இல் முஸ்லிம் யானைப்பாகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். கிப்ளிங்கின் யானைக்கதை ஒன்றைத் தழுவி 1937-இல் வெளிவந்த ‘எலிஃபென்ட் பாய்’ என்னும் படத்தின் வழியே உலகம் அவரை அறிந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படையில் பணிபுரிந்து வீரப்பதக்கமும் பெற்ற அவர், 1963-இல் தம் 39-ஆம் வயதில் மறைந்தார். யானையோடு பிறந்து யானையோடு வளர்ந்த ஒரு பாகர் மகனே முதல் மோக்லி என்பது நெஞ்சில் நிறுத்தத்தக்க செய்தியாகும்.

பின்னர் 1994-இல் மீண்டும் ஒரு படம் வந்தது. 2016-இல் ஜான் ஃபேவ்ரோ இயக்கிய படம் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. அமெரிக்காவில் வெளியாவதற்கு ஒரு வாரம் முன்னதாக, ஏப்ரல் 8-ஆம் நாளிலேயே இந்தியாவில் அது வெளியாயிற்று.

உயிர்ப்பும் உருவமும்

சித்திரப்படத்திலிருந்து வேறுபடுத்தி இத்தகைய படங்களை ‘லைவ் ஆக்‌ஷன்’ என்பர். உயிருள்ளோர் நடிப்பது என்பது அதன் பொருள். ஆனால் 2016-ஆம் ஆண்டுப் படத்தில் உயிருள்ளவனாகத் திரையில் நெடிது தோன்றுபவன் நீல் சேத்தி என்னும் சிறுவன் ஒருவனே. நியூயார்க்கில் பிறந்த இந்திய வழித்தோன்றல் அவன். விலங்குகள் அனைத்தும் கணிப்பொறி வரைந்தவை. காடும் அவ்வாறே. இந்தியக் காடுகளில் எடுத்த ஒளிப்படங்களைத் துணையாகக் கொண்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் படப்பிடிப்புக் கூடத்துக்குள்ளேயே காடு முழுவதும் பிறந்தது. சிறுவன் தொட்டுப் பேசுவதற்காகப் பொம்மைகளை நிறுத்திப் படம்பிடித்துப் பின்னர் அவற்றின் இடத்தில் விலங்குருவங்களை ஏற்றினர். பெங்களூரில் இயங்கிய கலைக்கூடத்தைச் சேர்ந்த கலைஞர்களும் இப்பணியில் பங்குகொண்டனர். காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் விருது 2017-இல் இப்படத்துக்குக் கிடைத்தது.

இவ்வாறு நோக்கின் இதுவும் ஒரு சித்திரப்படமே. பழைய சித்திரம் தன்னைச் சித்திரம் என்று சொல்லிக்கொண்டது. புதிய சித்திரம் தன்னை மெய் என்று சொல்கிறது. இவ்வேறுபாடு சிறிதன்று. குழந்தைகள் அஞ்சுவர் என்பதால் நம் தணிக்கை வாரியம் இப்படத்துக்கு ‘யு/ஏ’ சான்றிதழே வழங்கியது. கோட்டில் வரைந்த புலியைக் கண்டு சிரித்த குழந்தை, மயிர்க்கால் தெரிய வரைந்த புலியைக் கண்டு நடுங்குகிறது.

இம்மாற்றத்தில் நன்மையும் உண்டு. ஒரு காலத்தில் படங்களில் உயிருள்ள விலங்குகளையே பழக்கி நடிக்கச் செய்தனர். தமிழில் சாண்டோ சின்னப்பா தேவரின் படங்கள் இதற்குப் புகழ்பெற்றவை. யானைகள் நடித்த ‘நல்ல நேரம்’ 1972-இல் வெளிவந்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்கலாகாது என 1998-இல் நடுவண் அரசு ஆணையிட்டது. எந்தக் கரடியின் மூக்கிலும் கயிறு பூட்டாமல் ஒரு கரடிக் கதையைக் காட்ட முடியும் என்பதை அறிவியல் மெய்ப்பித்துள்ளது. இதனை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. அப்படத்தைப் பார்த்துவிட்டு இரவுப் பேருந்தில் ஊர் திரும்பும்போது நம் மகள், “அத்தா, அந்தக் கரடி நெசமா?” என்று கேட்டாள். “இல்லம்மா, கம்ப்யூட்டர்ல வரைஞ்சது” என்றோம். “அப்ப நெசக் கரடி எங்க இருக்கு?” என்றாள். பேருந்தின் சன்னலுக்கு வெளியே மலை இருளாய்க் கிடந்தது. அதனைக் காட்டி, “அங்கே” என்றோம். அவள் நம்பவில்லை. திண்ணையில் கோட்டுச் சித்திரம் கண்ட நாம் மலையைப் பார்த்தோம். மெய்போன்ற சித்திரம் கண்ட பிள்ளை மலையை நம்ப மறுத்தாள். இக்கட்டுரை எழுதத் தூண்டியது அந்த மறுப்பே.

முடிவுகள் மூன்று

ஒரு கதையின் உள்ளக்கிடக்கை அதன் முடிவில் வெளிப்படும். மோக்லி யாருடைய பிள்ளை? காட்டின் பிள்ளையா, ஊரின் பிள்ளையா? இவ்வினாவுக்கு ஒவ்வொரு வடிவமும் ஒவ்வொரு விடை கூறுகின்றது.

கிப்ளிங்கின் நூலில் மோக்லி ஊருக்குச் செல்கிறான். மாடு மேய்க்கிறான். எருமை மந்தையை ஓட்டி ஷேர்கானை மிதித்துக் கொல்லச் செய்கிறான். அதன் பயனாக ஊரார் அவனைச் சூனியக்காரன் என்று கல்லெறிந்து விரட்டுகின்றனர். ஓநாய்க் கூட்டமும் முன்னரே அவனை விலக்கிவிட்டது. இரு வீடும் இழந்து, காட்டில் தனித்து வேட்டையாடி வாழ்ந்த அவன், இளைஞனான பின் இளவேனிற் காலமொன்றில் நெஞ்சம் நிலைகொள்ளாமல் மனிதரிடம் திரும்புகிறான்.

1967-ஆம் ஆண்டுச் சித்திரப்படம் இத்துயரை விரும்பவில்லை. நீர் மொள்ள வந்த சிறுமியைக் கண்டு புன்னகையோடு அவள் பின்னே ஊருக்குள் நுழைகிறான் மோக்லி. மனிதன் மனிதரோடு சேர்வதே இயல்பு என்பது அப்படத்தின் முடிபு.

2016-ஆம் ஆண்டுப் படமோ இதற்கு நேர்மாறானது. மோக்லி ஊரிலிருந்து தீப்பந்தம் கொணர்கிறான். அதன் பொறி சிதறிக் காடு எரிகிறது. தன் கையிலிருந்த நெருப்பே தன் வீட்டை எரிக்கக் கண்டு பந்தத்தை நீரில் வீசிவிடுகிறான். யானைகள் ஆற்றின் போக்கைத் திருப்பித் தீயை அணைக்கின்றன. மோக்லி காட்டிலேயே தங்கிவிடுகிறான். 1967-இல் பட்டாளத்து அணிவகுப்பாக நகைப்பூட்டிய யானைகள், 2016-இல் காட்டைப் படைத்த முதல்வர்களாக வணங்கப்படுகின்றன. யானையின் தந்தம் கீறிய தடங்களே ஆறுகளாயின என்னும் கிப்ளிங்கின் தொன்மக் கருத்துக்கு இப்படம் மீண்டும் உயிர் தந்தது. சித்திரப்படம் தள்ளிவிட்ட இதனை நேர்நடிப்புப் படம் மீட்டது பாராட்டுக்குரியது.

தீ பற்றிய மாற்றமும் காலத்துக்கு ஏற்றதே. மலைத்தீயின் கொடுமையை நாம் அறிவோம். அண்டை மாவட்டமாகிய தேனியின் குரங்கணி மலையில் 2018 மார்ச்சு மாதத்தில் மூண்ட தீயில் மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கிப்ளிங்கின் காலத்தில் தீ மனிதனின் வெற்றிக்கொடி. இன்று அது அவனது குற்றச்சாட்டு.

ஆனால் இம்மூன்று முடிவுகளும் தொடாத நான்காம் முடிவு ஒன்று உண்டு. காட்டு நூல்களுக்கு முன்னரே, 1893-இல் கிப்ளிங் வெளியிட்ட ‘இன் தி ருக்’ என்னும் சிறுகதையில் வளர்ந்த மோக்லி வருகிறான். அங்கே அவன் வனத்துறையில் காவல் பணி ஏற்கிறான்; மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பெற உடன்படுகிறான். தான் பிறவியிலிருந்து அறிந்த காட்டை, அரசின் காட்டாகக் காவல் காக்கும் வேலை அது. ஆள்வோரின் பக்கம் நின்று எழுதியவர் கிப்ளிங். ஆகவே அதனை அவர் நல்ல முடிவாகவே காட்டினார். நாம் இங்கே கண்ட படங்கள் எவையும் அம்முடிவை எடுக்கவில்லை. ஆனால் மலையடிவாரத்து மக்களுக்கு நான்கனுள் மெய்யான முடிவு இதுவே எனத் தோன்றுகிறது. காட்டை அறிந்த பழங்குடியினர் இன்று வேட்டைத் தடுப்புக் காவலராகப் பணிபுரிவதை நாம் தமிழ்நாட்டில் கண்கூடாகக் காண்கிறோம் அல்லவா?

மரபியல் காட்டும் வழி

ஆங்கில மூலத்தில் விலங்குகள் மோக்லியை ‘மேன் கப்’ என்று அழைக்கின்றன. ஓநாய், கரடி, புலி ஆகியவற்றின் இளமைக்குரிய சொல்லை மனிதப் பிள்ளைக்கு ஏற்றியதில்தான் இக்கதையின் கரு முழுதும் அடங்கியிருக்கிறது. தமிழில் இதனை ‘மனிதக் குட்டி’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இது பொருந்துமா என்று ஆராயத் தொல்காப்பியம் துணைநிற்கும்.

பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல் இளமைப் பெயர்களோடு தொடங்குகிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என அவை ஒன்பது. எவ்வுயிர்க்கு எப்பெயர் உரியது என்பதையும் அவ்வியல் வரையறுத்துக் கூறுகிறது. புலி, நாய், பன்றி, நரி, முயல் ஆகியவற்றின் இளமைக்குக் குருளை உரியது. அணிலுக்கும் வெருகுக்கும் குட்டி. ஆட்டுக்கும் மானினத்துக்கும் மறி. யானைக்கும் ஆவிற்கும் கன்று. மக்களுக்கோ குழவி, மகவு என்னும் இரண்டு மட்டுமே உரியன.

இங்கேதான் வியப்புக்குரிய செய்தி ஒன்று புதைந்துள்ளது. மக்களுக்குரிய அவ்விரு பெயர்களும் மக்களுக்கு மட்டும் உரியன அல்ல. குழவி என்னும் பெயரை யானையும் பெறும். ஆவும் எருமையும் பெறும். மகவு என்னும் பெயரைக் குரங்கும் பெறும். மனிதப் பிள்ளைக்கென்று தனிப்பெயர் ஒன்றைக்கூட இவ்வொன்பதனுள் மரபியல் ஒதுக்கவில்லை! ஆறறிவு உடையோர் மக்கள் என்று வகுக்கும் அதே இயலில், விலங்குகளுள் ஒருசாரனவும் அவ்வறிவு உடையன என்னும் கருத்தும் இடம்பெறுகிறது. மனிதனுக்கும் விலங்குக்கும் இடையே கிப்ளிங் ஒரு வேலியைக் கண்டு, அவ்வேலியைத் தாண்டும் சிறுவனைப் படைத்தார். நம் இலக்கணமோ அவ்வேலியில் முன்னரே ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. ஆகவே மோக்லியை ‘மனிதக் குட்டி’ என்பதினும் ‘மனிதக் குழவி’ என்பதே பொருந்தும். யானைக்குழவியும் அதுவே, மனிதக்குழவியும் அதுவே.

சங்க இலக்கியத்திலும் இவ்வுறவு பேசப்படுகிறது. குறுந்தொகையின் 69-ஆம் பாடலில், துணையை இழந்த மந்தி ஒன்று, தொழில் கல்லாத தன் இளம் பறழைச் சுற்றத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. பெற்றோரை இழந்த பிள்ளையை வளர்ப்பது யார் என்னும் மோக்லிக் கதையின் வினாவை, ஒரு குரங்குப் பறழின் வாயிலாகச் சங்கப் புலவர் எழுப்பிவிட்டார். சுற்றம் வளர்க்கும் என்பதே அவர் தரும் விடை. கணிப்பொறி வரைந்த மயிர்க்கால் அங்கே இல்லை. ஆயினும் அம்மந்தி மெய்யாகவே நம் கண்முன் நிற்கிறது.

நம் மலையும் நம் மாணவரும்

வத்திராயிருப்பு வட்டத்தில் மலையை நோக்கி நிற்கும் ஊர் வ. புதுப்பட்டி. அருகிலுள்ள மலைகளில் 1988-இல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் அமைந்தது. 2021 பிப்ரவரியில் அப்பகுதி மேகமலையோடு இணைந்து திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. இதன் பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்கும் மேல். பாலுவும் பகீராவும் ஷேர்கானும் ஹாத்தியும் நம் மேற்கு மலையில் வாழ்கின்றன. ஓநாய்க்கு மாறாக அங்கே செந்நாய் உண்டு. படத்துக் கரடி பழுப்பு. நம் மலைக் கரடியோ கரியது, கறையான் புற்றைத் தோண்டித் தின்பது.

காட்டை அழகெனப் பாடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. மலையடிவாரத் தோப்புகளில் யானை புகுந்தால் ஓர் உழவரின் பல்லாண்டு உழைப்பு ஓரிரவில் சாய்ந்துவிடுகிறது. காட்டுப்பன்றி கிளறிய கடலைக் கொல்லையின் முன் நிற்பவரிடம் ‘காட்டோடு நட்பு’ என்று பேசுவது எளிதன்று. யார் எங்கே வாழ்வது என்னும் மோக்லியின் வினா அவருக்குக் கதையன்று, அன்றாட வாழ்வு. வன உரிமைச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டதும் அவ்வினாவின் ஒரு பகுதிக்கு விடை காணவே.

மரபியல் கற்பித்த ஒரு நாளில் மாணவரிடம் பத்து விலங்குகளின் பெயர்களைத் தந்து, அவற்றின் இளமைப் பெயர்களை எழுதுமாறு கூறினோம். ஏறத்தாழ எல்லாருமே எல்லாவற்றிற்கும் ‘குட்டி’ என்று எழுதினர். ஒன்பது பெயர்களுள் எட்டு மறைந்து ஒன்று எஞ்சிற்றே என்று வருந்தினோம். ஆனால் மலையடிவாரச் சிற்றூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும் ஆட்டுக்கு நேரே ‘மறி’ என்று எழுதியிருந்தாள். நூலைப் பார்த்து எழுதினாயா என்று வினவினோம். “இல்லைங்கய்யா. எங்க தாத்தா கிடை போடுறவரு. பொட்டைக் குட்டிய மறின்னுதான் சொல்லுவாரு” என்றாள். வகுப்பு முழுதும் சிரித்தது. அவளும் நாணிச் சிரித்தாள். நாம் சிரிக்கவில்லை. தொல்காப்பியர் பதிவுசெய்த சொல் ஓர் ஆட்டிடையரின் நாவில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதனை நாட்டுப்புறக் கொச்சை என்று எண்ணி நாணுமாறு நம் கல்வி அப்பெண்ணைப் பழக்கியிருக்கிறது. இது மாணவரின் குறையன்று. கற்பிக்கும் நம் குறையே.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிபுகளை எட்டலாம். சித்திரப்படம் நேர்நடிப்புப் படமாகும்போது உருவத்தின் மெய்ம்மை பெருகுகிறது. ஆனால் உயிர்ப்பு உருவத்தால் மட்டும் வருவதன்று. 2016-ஆம் ஆண்டுப் படத்தின் சிறப்பு அதன் கரடியின் மயிரில் இல்லை. காட்டை எரித்தவன் நானே என்று மோக்லி உணரும் அந்நொடியில் இருக்கிறது. கண் கண்டதை நம்புவதற்கு நெஞ்சில் ஒரு சொல் முன்னரே இருத்தல் வேண்டும். கரடியை மலையோடு சேர்த்து அறிந்த பிள்ளைக்குத் திரைக்கரடி ஓர் அழகிய நிழல். மலையை அறியாத பிள்ளைக்கோ அந்நிழலே பொருளாகி, பொருள் பொய்யாகிவிடும்.

எனவே மாணவர்க்கு இரு பணிகளைப் பரிந்துரைக்கின்றோம். ஒன்று, இப்படங்களைப் பாருங்கள். முடிவுகளை ஒப்பிட்டு எழுதுங்கள். மற்றொன்று, உங்கள் ஊரில் ஆடு மேய்ப்போரிடமும், மாடு வளர்ப்போரிடமும், மலையில் வாழும் பளியர் இனத்தாரிடமும் சென்று, விலங்குகளின் இளமைப் பெயர்களைக் கேட்டுக் குறித்து வாருங்கள். மரபியலின் ஒன்பதில் எத்தனை இன்றும் வாழ்கின்றன என்று கணக்கெடுப்போம். ஒன்பதுக்கு மேலும் கிடைக்கலாம்.

நம் மகளுக்கு இப்போது வயது கூடிவிட்டது. சென்ற ஆண்டு பிளவக்கல் அணைப் பகுதிக்குச் சென்றிருந்தபோது, ஈர மண்ணில் பதிந்திருந்த அகன்ற அடித்தடம் ஒன்றை அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் அவளுக்குக் காட்டினார். “தாயும் கன்னும் தண்ணிக்கு வந்திருக்கு பாப்பா” என்றார். பெரிய தடத்தின் அருகே சிறிய தடம் ஒன்று இருந்தது. அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். நெசமா என்று கேட்கவில்லை.